வெளிச்சம் பார்ப்பது

ஆம்பூரில் ஒருவன் வீட்டு மொட்டை மாடியில் படகு கட்டினால் அவனிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. பால் ஊற்ற வருகிறவர் கேட்டார், சிலிண்டர் தூக்கி வந்தவர் கேட்டார், எதிர்வீட்டு பாய் தன் மாடியிலிருந்து சத்தமாகவே கேட்டார்: "இத எங்க வுடப் போறீங்க தம்பி?"

நியாயமான கேள்வி. பாலாறு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் பிறந்தது 1988இல். அதற்குப் பிறகு அந்த ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர் ஓடி நான் பார்த்த வருடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் அது மணல், சீமைக்கருவேலம், பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடம். ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள் குடிப்பது மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணீர்.

2021 நவம்பரில் அந்த ஆறு வந்தது. கொரோனா புண்ணியத்தில் பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே பாலத்தில் நின்றது. செல்ஃபி எடுத்தார்கள், பூவும் மஞ்சளும் போட்டார்கள். அப்பாவும் வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "1903ல வாணியம்பாடிய அடிச்சினு போச்சே, அது இதவுடப் பெருசுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். அந்த வெள்ளத்தில் செத்தவர்களுக்கு வாணியம்பாடியில் நினைவுத்தூண் இருக்கிறது. 2021லும் அப்படித்தான், விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது, பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதனால் ஆறு ஓடியதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இருந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனில் படகு வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில்தான் மரப்பட்டிகளை ஒட்டிக் கேனோ கட்டும் முறை கண்ணில் பட்டது. கேனோ வட அமெரிக்கப் பழங்குடிகளின் படகு. பிர்ச் மரத்தின் பட்டையை முழுசாக உரித்து, வேர் நாரால் தைத்து, தையலில் பிசின் பூசிச் செய்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனடாவின் பீட்டர்பரோ பக்கத்துத் தச்சர்கள் அதே வடிவத்தை மரப்பலகையில் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வீட்டில் கட்டுகிறவர்கள் செய்வது அதன் பேரப்பிள்ளை. படகின் குறுக்குவெட்டு வடிவத்தில் பிளைவுட் அச்சுகளை ஓரடிக்கு ஒன்றாக நிற்க வைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமும் 19 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நீளமான மரப்பட்டிகளை அந்த அச்சுகள் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு இழைத்து, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத்துணி போர்த்தி, எபாக்சி ஊற்ற வேண்டும். டெட் மூர்ஸ் எழுதிய 'கேனோகிராஃப்ட்' என்ற 1983ஆம் வருடத்துப் புத்தகத்தை இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வேதம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஹாலில் அந்த வீடியோவை டிவியில் போட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்தி, "இது டிரம்முடா" என்றார்.

அப்பா டிரம் ஆசாரி. தோல் ஷாப்பில் வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் தோல் உரிப்பதைத்தான் நினைக்கிறார்கள். தோலைச் சுண்ணாம்பிலிருந்து எடுத்துக் குரோமில் போடுவதும், பிறகு சாயம், எண்ணெய் ஏற்றுவதும் பெரும்பாலும் சுழலும் மர டிரம்முக்குள்தான். ஆளுயரத்தைவிடப் பெரியது, படுக்கவைத்த பீப்பாய் மாதிரி. உள்ளே வரிசையாக மர முளைகள் இருக்கும். டிரம் சுற்றும்போது அவை தோலைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆணியோ பசையோ கிடையாது. தடித்த பலகைகளின் பக்கவாட்டைச் சரிவாக இழைத்து, வட்டமாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு முறுக்குவார்கள். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். மரம் ஊறி உப்பினால் இடைவெளி தானே அடைபடும். புது டிரம் முதல் சில நாட்கள் ஒழுகும். ஊறவிட்டு மறுபடி பட்டையை முறுக்க வேண்டும். அமிலத்துக்கும் உப்புக்கும் தாங்கும், சூட்டை விடாது என்பதால்தான் இன்னும் மரம். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் எக்கி மாதிரியான இரும்பு கனத்து மரங்கள். இப்போது பிளாஸ்டிக் டிரம்மும் ஸ்டீல் டிரம்மும் வந்துவிட்டன. அப்பா வேலையை விட்டு ஆறு வருடமாகிறது.

நான் இத்தனை வருடத்தில் அவரிடம் டிரம் எப்படிச் செய்வது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வேலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபோது கூடப் படித்தவர்களிடம் "அப்பா மர பிசினஸ்" என்று சொல்லியிருக்கிறேன்.

மரத்துக்கு மாமாவிடம் போனேன். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மாவின் தம்பிக்கு வாணியம்பாடிப் பக்கம் நிலம். தென்னையும் நெல்லும் விளைந்த நிலம் என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவு தெரிந்தபோதே அந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. குளித்தால் தலைமுடி சிக்கு பிடித்துக்கொள்ளும். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு உப்பு போட்டுத்தான் வைப்பார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. கழுவின தண்ணீர் பல பத்தாண்டுகள் எங்கே போனது என்பதற்கு மாமாவின் கிணறு சாட்சி. அதைக் கழுவிய டிரம்களில் சில என் அப்பா செய்தவை.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற எல்லோருக்கும் இன்று அது பாடம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்றும் அதில் வருகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத தொழிற்சாலைகளை மூடச் சொன்னார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. மாமா ஆம்பூர் வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அந்த மிட்டாயைத் தொடவில்லை. வேலை நின்றிருந்தது. இரண்டு பேரும் அதற்கப்புறம் கல்யாணம், சாவு தவிர ஒரே கூரையின் கீழ் உட்காரவில்லை. பிறகு நஷ்டஈட்டு ஆணையம் வந்தது, 2001இல் கிட்டத்தட்ட 29,000 பேருக்கு 27 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நிர்ணயித்தது. தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரம் சொச்சம். ஒரு கிணற்றுக்கு என்ன விலை என்று அப்போது தெரிந்துகொண்டேன் என்பார் மாமா.

படகுக்குச் சிறந்தது மேற்கத்தியச் செங்கேதாரு. கனடா மரம். இங்கே வாங்கினால் என் மூன்று மாத ஈ.எம்.ஐ. ஆகும். எடை குறைந்த, முடிச்சில்லாத, நேர் இழை ஓடுகிற மரம் எதுவானாலும் போதும் என்று புத்தகம் சொல்கிறது. மாமாவின் வரப்பில் மலைவேம்பு நின்றது. வேகமாக வளரும், பிளைவுட்டுக்குப் போகும் என்று சொல்லிப் பத்து வருடம் முன்பு பலரும் நட்டார்கள். அவருக்கும் நாலைந்து பிழைத்திருந்தன.

"எடுத்துக்க மாப்ள. உங்கப்பன் டிரம்முக்குக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

இரண்டு மரம் வெட்டி, மில்லில் பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஏழு மாதம் நிழலில் காயவிட்டேன். அப்பா பலகையில் நகத்தால் கீறிப் பார்த்தார். "தீப்பெட்டி மரம்" என்றார். அவ்வளவுதான். மரம் யாருடைய வரப்பிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

பட்டி அறுப்பதில் மனசுக்குக் கஷ்டமான ஒரு கணக்கு இருக்கிறது. பட்டி 6 மில்லிமீட்டர், வட்ட ரம்பம் தின்பது 3 மில்லிமீட்டர். ஆக மரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூளாகப் போகிறது. மாமாவின் மரத்தில் அவ்வளவு தூளை மூட்டையில் கட்டியபோது அம்மா, "இதுக்கு அந்த மரம் நின்னுனே இருந்திருக்கலாம்" என்றாள். அவளுக்கு வேறு கோபமும் இருந்தது. மாடியில் தகர ஷெட் போட்டதில் துணி காயப்போட இடமில்லை.

அச்சுகளின் வரைபடத்தை முழு அளவில் அச்சடிக்க வேண்டும். 14 அடிப் படகுக்கு 13 அச்சு. ஆம்பூரில் அவ்வளவு பெரிதாக அச்சடிப்பது ஃப்ளெக்ஸ் பேனர் கடைதான். "யாருக்கு சார் பர்த்டே?" என்று கேட்டுவிட்டு அடித்துக் கொடுத்தார்கள். அவற்றில் நாலு மட்டும் மறுநாள் வேறு மெஷினில் அடித்தது. வெட்டி நிறுத்தி, மெல்லிய சட்டம் ஒன்றை அச்சுகளின் மேல் வளைத்து வைத்தேன். மென்பொருளில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது. அப்பா மாடிக்கு வந்தார், ஒரு கண்ணை மூடினார், சட்டத்தின் முனையிலிருந்து பார்த்தார். "நடுவுல மூணு பல்லு தூக்கிக்கினு இருக்குது. கடைசிலயும் ஒண்ணு" என்றார். அளந்தேன். நாலும் 5 மில்லிமீட்டர் பெரிது. கடைக்காரர்மேல் தப்பில்லை, பிறந்தநாள் வாழ்த்து 5 மில்லிமீட்டர் பெரிதானால் யாருக்கு என்ன. அளந்து பார்க்காமல் வெட்டியது நான்தான்.

அதற்குப் பிறகுதான் அப்பா தினமும் மாடிக்கு வர ஆரம்பித்தார்.

பட்டிகளைச் சேர்ப்பதில் இரண்டு வழி. ஒரு விளிம்பைக் குழிவாகவும் மறு விளிம்பை மேடாகவும் ரூட்டர் மெஷினில் கடைந்துகொண்டால் எந்த வளைவிலும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அல்லது ஒவ்வொரு பட்டியையும் பக்கத்துப் பட்டிக்கு ஏற்ற சரிவில் கையால் இழைக்க வேண்டும். அதற்கான ரூட்டர் பிட்டை நான் ஆன்லைனில் ஆர்டர் செய்திருந்தேன். அப்பா இழைப்புளியை எண்ணெய் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார். பிட் வந்தது. டப்பாவைப் பிரிக்கவில்லை.

டிரம்மில் பலகையின் சரிவு எல்லா இடத்திலும் ஒன்றுதான். எட்டடி டிரம் என்றால் சுற்றளவு 25 அடிக்குச் சற்று மேல். ஐந்து அங்குலப் பலகை 60 நிற்கும். ஒவ்வொன்றும் 6 டிகிரி, ஆக விளிம்புக்கு 3 டிகிரி. இதை நான் போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு டிகிரி தெரியாது. தரையில் நூல் கட்டிச் சாக்குக் கட்டியால் முழு வட்டம் போடுவார், பலகையை அதன்மேல் வைப்பார், நடுப்புள்ளியிலிருந்து நூலை இழுத்து விளிம்பில் கோடு போடுவார். அந்தக் கோடுதான் சரிவு. ஒரு பலகைக்குப் போட்டால் அறுபதுக்கும் போட்ட மாதிரி.

படகில் அப்படி இல்லை. நடுவில் தட்டையாக ஆரம்பிக்கும் பட்டி முனைக்குப் போகப் போகத் திருகிக்கொள்ளும். சரிவு அங்குலத்துக்கு அங்குலம் மாறும். முதல் பட்டியை இழைத்து வைத்தபோது நடுவில் சேர்ந்தது, முனையில் வாய் பிளந்தது. அப்பா அதை எடுத்து மறுபடி இழைத்தார். இப்போது முனை சேர்ந்தது, நடுவில் பிளந்தது. மூன்றாவது முறை இழைத்தபோது இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே மணிக்கட்டை மெதுவாகத் திருப்பினார். பட்டியின் ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைவரை நிற்காமல் நடந்தார், சுருள் அறுபடாமல் வந்தது. வைத்தோம். சேர்ந்தது. "எடத்துக்கு எடம் மாறுதேடா இது" என்றார். அறுபத்தொன்பது வயதில் அவர் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை.

சேர்ந்ததா என்று பார்க்க அவர் வைத்திருந்த வழி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து சூரியனுக்கு நேராகத் தூக்குவது. நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டும். வெளிச்சம் பார்க்கிறது என்பார். "டிரம்முல கொஞ்சம் தெரியலாம், ஊறினா மூடிக்கும். இதுல?" என்று கேட்டார். இதில் மரம் ஊறவே கூடாது, எபாக்சிக்குள் காலமெல்லாம் காய்ந்தே இருக்கும் என்றேன். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தண்ணீரில் கிடக்கிற மரம் தண்ணீர் குடிக்காமல் இருக்குமா?

ஒரு பக்கத்துக்கு 34 பட்டி. மலைவேம்புப் பலகை எட்டடிக்கு மேல் நேராகக் கிடைக்காததால் ஒவ்வொரு பட்டியும் இரண்டு துண்டு. கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக வெட்டி ஒட்டினது. சனி, ஞாயிறு மட்டும் வேலை. ஒரு நாளைக்கு ஆறு பட்டி ஏறினால் பெரிது. வாரநாட்களில் ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே இழைப்புளிச் சத்தம் கேட்கும். "ஏதாவது கன்ஸ்ட்ரக்‌ஷனா?" என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன்.

நடுவில் ஒருநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போனேன். பரிசல் பார்க்க. பைக்கில் வேண்டாம் என்று கார் எடுத்து, திருப்பத்தூர், தர்மபுரி, பென்னாகரம் வழி. பரிசலில் உட்கார்ந்து அருவிக்குப் போகிறவர்கள் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அப்பா கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பைச் சுற்றிக் கட்டி, வெளியே பிளாஸ்டிக் சாக்கு போர்த்தித் தார் பூசியிருந்தார்கள். முன்னாடி என்ன போர்த்துவீர்கள் என்று அங்கிருந்த பெரியவரிடம் கேட்டார். "மாட்டுத்தோலு" என்றார் அவர். ஓட்டி முடித்ததும் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் அழுகிவிடும்.

இது புதிய செய்தி இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1803இல் மராத்தியப் போரின்போது ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், ஆறு தாண்டுவதற்குத் தோல் போர்த்திய கூடைப் படகுகளைத்தான் செய்யச் சொன்னார். எனக்கு இதெல்லாம் படித்துத் தெரியும். ஆனால் தோல் ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், தோலுக்கும் படகுக்கும் உறவு உண்டு என்று அந்தக் கரையில்தான் உணர்ந்தேன். திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "உன்னுதும் பரிசல்தான். மேல கண்ணாடித் தோலு போத்துற. மரம் சும்மா எலும்பு." புத்தகங்கள் இதைச் சொல்ல நாலு பக்கம் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் அந்த மரப்பட்டிகள் இரண்டு கண்ணாடித்துணித் தகடுகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தும் நடுப்பொருள்தான். பலம் பெரும்பகுதி துணியிலும் எபாக்சியிலும். மரத்தின்மேல் இவ்வளவு ஆசை வைத்தபின் அதைக் கேட்பது கொஞ்சம் வலித்தது.

எபாக்சி வேலை வந்தபோது மே மாதம். வேலூர் வெயிலைப் பற்றி எழுதத் தேவையில்லை. எபாக்சி கெட்டியாவதே சூடு விட்டுத்தான். ஆழமான டப்பாவில் கலக்கினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானே தன்னை வேகவைத்துக்கொள்ளும். முதல் கலவை, பெயின்ட் டப்பாவில் அரை லிட்டர், காலை பத்து மணி. துணியில் இரண்டு கை தடவுவதற்குள் டப்பா புகைந்தது. தூக்கிக் காலி மனையில் எறிந்தேன். இரண்டாவது நாள் அகலமான தட்டில் கொஞ்சமாகக் கலக்கினேன். கெட்டியாகவில்லை, ஆனால் மரத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து ஈரமான எபாக்சி வழியாக வெளியே வருகிறது. சூடு இறங்குகிற நேரத்தில் பூசினால் மரம் காற்றை விடுவதற்குப் பதில் எபாக்சியை உள்ளே இழுக்கும். ஆக வேலை சாயங்காலம் ஆறுக்கு மேல், எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில், பூச்சிகளோடு. வார்னிஷுக்குள் இன்றும் ஒரு ஈசல் இருக்கிறது.

முனைகளில் துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்துவது எனக்கு வரவே இல்லை. அக்கா இருபது வருடமாக ஷூ கம்பெனியில் இருக்கிறாள், அப்பர் தைக்கிற பகுதியில் ஆரம்பித்து இப்போது லாஸ்டிங்கில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட வந்தவள் மேலே வந்து பார்த்துவிட்டு, "இது பெரிய லாஸ்ட்டுதானே?" என்றாள். ஷூவுக்குள் வைத்துத் தோலை இழுத்து ஒட்டுகிற கால் வடிவ அச்சு. "முன்னாடி நேரா இழுக்காத. குறுக்க இழு, அப்புறம் முனை தானா வரும்." கையுறை போட்டு அவளே இழுத்துக் காட்டினாள். அந்த முனையில் சுருக்கமே இல்லை. நான் செய்த மறு முனையில் மூன்று. ஒருவர் அப்பா, ஒருவர் மாமா மரம், ஒருவர் அக்கா. படகு கட்டினேன் என்று நான் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, மாமா போன் செய்தார். அவர் ஊர் ஏரி நிறைந்திருக்கிறது, எடுத்து வா என்றார். 24 கிலோ படகை மாடியிலிருந்து இறக்குவது கட்டியதைவிடச் சிரமம். மாடிப்படி திரும்புகிற இடத்தில் 14 அடி திரும்பாது என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். கயிறு கட்டி வெளிச்சுவர் வழியாக இறக்கலாம் என்று திட்டம். அப்பா டிரம் இறக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, "வுடு... வுடு... புடி" என்று சத்தம் போட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு பாய் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மினி லாரியில் ஏற்றிச் சிவப்புத் துணி கட்டிப் போனோம்.

அப்பா வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. லாரியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஏரிக்கரையில் மாமா நின்றிருந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். "வாங்க" என்றார் மாமா. அப்பா தலையாட்டினார். பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கினார்கள். மாமா கீழே குனிந்து பட்டியின் நிறத்தைப் பார்த்தார். "நம்ப மரமா இது?" என்றார். வார்னிஷில் அது தேன் நிறமாகியிருந்தது. அப்பா விரலால் ஒரு இணைப்பைத் தடவிக் காட்டி, "வெளிச்சம் வராது" என்றார். வேறு எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. 1996ஐப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏரியில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் லாரி டியூப்மேல் உட்கார்ந்து வலை விரித்துக்கொண்டிருந்தார். எங்கள் படகைச் சுற்றி ஒருமுறை வந்தார். "எவ்ளோ ஆச்சு?" என்றார். சொன்னேன். "இதுல நூறு டியூபு வாங்கலாமே" என்றார். அதையும் மறுக்க முடியாது.

நான் ஏறினேன், ஆடியது, அப்பாவை ஏறச் சொன்னேன். நீச்சல் தெரியாதவர். லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டு நடுவில் உட்காரவைத்தேன். ஏறியதும் அவர் செய்த முதல் வேலை குனிந்து அடியைத் தொட்டுப் பார்த்தது. ஈரம் இருக்கிறதா என்று. போகும்போது இரண்டு முறை பார்த்தார், வரும்போது ஒருமுறை. நான் துடுப்பு போட்ட அழகுக்கு நேராகப் போவதற்குப் பதில் பாம்பாகப் போனோம். கரையிலிருந்து மாமா கத்தினார்: "மாப்ள, அந்தத் தண்ணிய வாய்ல வெச்சிடாத!"

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாறு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்வரை ஈடு கட்டும் பொறுப்பு தீராது என்ற அளவில் நான் புரிந்துகொண்டேன். மாமா அதை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினார், அப்பாவுக்கு அனுப்பவில்லை. நானும் காட்டவில்லை. அவர் தினத்தந்தியில் படித்திருப்பார்.

படகு இப்போது வீட்டுப் பக்கத்துச் சந்தில், இரண்டு மரக்கால்கள்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. ஏரி வற்றிவிட்டது. இந்த ஏப்ரலில் ஒருநாள் மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அப்பா ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொம்பால் படகின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். முனையிலிருந்து முனைவரை, ஒரு இடம் விடாமல்.

1996இல் ஷாப்புகள் மூடிக் கிடந்தபோது அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கூலி கிடையாது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விடுவார். உள்ளே வரிசையாக டிரம்கள் சுற்றாமல் நிற்கும், பலகைக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வாய் பிளந்து. நான் போரிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். அவர் ஊற்றுவார். காய்ந்தால் செத்துப்போகும் என்பார். ஷாப்பு திறந்த பிறகு அவருக்கு முதலில் வந்த வேலையே காய்ந்து பிரிந்த டிரம்களைச் சேர்ப்பதுதான்.

நான் சந்துக்கு இறங்கிப் போய், "அப்பா, இதுக்குத் தண்ணி வேணாம். உள்ள போகவே போகாது. எபாக்சி" என்றேன்.

"தெரியும்டா" என்றார். "அந்தப் பக்கம் கொஞ்சம் புடி, அடியில ஊத்தணும்."

காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. பக்கெட்டில் பாதி மீதம் இருந்தது. நான் முனையைத் தூக்கிப் பிடித்தேன்.